இடுப்பில் ஒரு படங்கு

என் இடுப்பில் ஒரு படங்கு கட்டியிருக்கிறது. மார்புக்குக் கீழே தொடங்கி தொப்புளைத் தாண்டிச் சுற்றி வளைத்து, பின்னால் முதுகெலும்பின் மேல் முடிச்சுப் போட்டிருக்கிறது. குளிக்கும்போதும் அது இருக்கும், தூங்கும்போதும் இருக்கும். கையை வைத்துத் தடவிப் பார்த்தால் வெறும் தோல்தான். சின்ன வயதில் என் மகள் இதைக் கேட்டுவிட்டு என் சட்டையைத் தூக்கிப் பார்த்து, "பொய் சொல்ற" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் தடவை எனக்கும் அப்படித்தான் தோன்றியது, யாரோ என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று.

கொழுந்து எடுக்கும் பெண்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குப் படங்கு தெரிந்திருக்கும். சேலைக்கு மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த துணி, இல்லாவிட்டால் சாக்கு. தேயிலைச் செடியின் வாது, கிளை, வயிற்றில் குத்தாது, காலைப் பனி சேலையை நனைக்காது. முடிச்சு பின்னால் விழ வேண்டும். முன்னால் விழுந்தால் வாதில் மாட்டி ஆளையே இழுத்துவிடும். அதனால் எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் தன் படங்கைத் தானே கட்டிக்கொள்வதில்லை. விடியும் நேரத்தில் இஸ்தோப்பில், அதாவது லயத்தின் நீளமான முன்வாசலில், பெண்கள் ஒருவர் பின் ஒருவராக ரயில் மாதிரி நின்று முன்னால் நிற்பவளுக்குக் கட்டிவிடுவார்கள். கடைசியில் நிற்பவளுக்கு முதலில் நின்றவள் சுற்றி வந்து கட்டுவாள். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் நடக்கும்.

எனக்குப் பின்னால் எப்போதும் அம்மாதான் நிற்பாள். அவளுடைய முடிச்சு பெயர் போனது. சாயங்காலம் அவளேதான் அவிழ்க்க வேண்டும், வேறு யார் விரலுக்கும் அது இளகாது. கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு தினமும் கேட்பாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப சரி."

இப்படித்தான் எங்கள் பொழுது விடியும். நான் ஓ.எல். வரை படித்துவிட்டு, பாஸாகாமல், மலைக்குப் பேர் பதிந்து வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதே கேள்வி, அதே பதில். கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலைக்குப் போய், மகள் பிறந்து, நான் மறுபடியும் கூடை தூக்கிய பிறகும் அது மாறவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்புத்தளைக்குக் கீழே எங்கள் தோட்டம். மகள் அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒரு காய்ச்சல் வந்து, மாத்திரை போட்டு, போய்விட்டது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான். அது போன கொஞ்ச நாளில் ஒரு காலையில் அம்மா கயிற்றை இழுக்க, எனக்கு மூச்சு முட்டியது.

"என்னம்மா, இந்த இறுக்கு இறுக்குற? கொழுந்து எடுக்கப் போறேனா, கட்டிப் போடப் போறியா?"

அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். அப்போதும் இறுக்கம்தான். மூன்றாவது தடவை அவளுக்கே கோபம் வந்தது. "இதுக்கு மேல தளத்துனா அவுந்து காலுல விழும்டி, போ" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

அன்று மலை முழுக்க மூட்டம். பக்கத்து நிரையில் எடுப்பவளின் தலைத்துண்டு மட்டும்தான் தெரிந்தது. நேரம் போகப் போக இறுக்கம் கூடியது. கால் இரண்டும் பஞ்சில் நடப்பது போல இருந்தன. "எங்கம்மாவுக்கு எம்மேல என்ன கோவமோ தெரியல, இன்னிக்கு உசுரு போற மாதிரி கட்டியிருக்கு. கொஞ்சம் அவுத்து விடேன்" என்று பக்கத்து நிரைக்காரியைக் கூப்பிட்டேன். அவள் வந்து பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் முடிச்சோடு மல்லுக்கட்டினாள்.

"ஆச்சு."

"எங்க ஆச்சு? இன்னும் இறுக்குதே."

"அவுத்துட்டேன்டி."

"அவுக்கல. வெளையாடாத."

அவள் என் முன்னால் வந்து, கையில் பிடித்திருந்த படங்கைத் தூக்கிக் காட்டினாள். "இந்தா. இது யாரு ஊட்டுப் படங்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். படங்கு அவள் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. என் இடுப்பிலும் அது இருந்தது. மூட்டத்துக்குள் நின்றுகொண்டு நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன்.

சாயங்காலம் பீலிக்கரையில், மலைத் தண்ணீர் குழாயில் விழும் இடத்தில், காலை நீட்டினேன். எங்கள் பீலித் தண்ணீர் எந்த மாதமும் எலும்பைக் குடையும். அன்று அது குளிரவில்லை. சூடாகவும் இல்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கால் நனைவது கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் காலிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. அடுத்த நாள் விடிந்தபோது எழுந்திருக்க முடியவில்லை. சிறுநீரும் போகவில்லை. அம்மா பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். "இங்க தெரியுதா? இங்க?" எங்கேயும் தெரியவில்லை. லயத்து ஆண்கள் கம்பளியில் என்னைக் கிடத்தி நான்கு மூலையும் பிடித்து ரோட்டுக்கு இறக்கினார்கள். தோட்டத்து லொறியில் பதுளைக்குப் போனேன். வழியில் நான் பார்த்ததெல்லாம் வானமும், அதன் ஓரத்தில் ஆடிக்கொண்டு வந்த அம்மாவின் தாடையும்தான்.

பதுளை ஆஸ்பத்திரி நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. அவை வரிசையாக நடக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சேலைன் போகும் குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து உள்ளே போனதும் வாயெல்லாம் இரும்புச் சுவை அடிக்கும், உலகம் மெல்ல விலகிப் போகும். சிங்கள நர்ஸ்மார் பேசுவது பக்கத்து அறையில் மழை பெய்வது போலக் கேட்கும். மத்தியான வெயில் சன்னல் வழியாக வந்து கட்டிலின் இரும்புக் காலில் நிற்கும். நான் கண்ணை மூடுவேன். மூடியதும் என் கால்கள் மேலே எழும்பும்.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. போர்வைக்கு அடியில் கால்கள் நேராக நீட்டிக் கிடக்கும். எனக்கோ அவை முழங்காலில் மடங்கி, கட்டிலை விட்டு உயர்ந்து, மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு மேட்டில் ஏறுவது போல. பாதத்துக்கு அடியில் ஈர மண் இருக்கும், சின்னக் கல் உருளும். எங்கள் மலையின் ஒவ்வொரு வளைவிலும் ஏறி இறங்கி வருவேன். கண்ணைத் திறந்தால் வெள்ளைப் போர்வையும், அதன் முனையில் யாருடையதோ போல இரண்டு பாதங்களும் இருக்கும். பயமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனால் உண்மையில் அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது. கண்ணைத் திறப்பதுதான் பிடிக்கவில்லை.

எங்கள் வார்டு டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், களைத்த முகம். ஒரு காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முதுகைத் தொட்டுக் காட்டி விளக்கினார்.

"முதுகெலும்புக்குள்ள கயிறு மாதிரி ஒண்டு ஓடுது, முண்ணாண் எண்டு சொல்லுறது. மூளை சொல்லுறது காலுக்குப் போறதும், கால் சொல்லுறது மூளைக்குப் போறதும் அதுக்குள்ளாலதான். உங்களுக்கு அதில ஒரு இடத்தில அழற்சி வந்து வீங்கியிருக்கு. வீங்கின இடத்துக்குக் கீழ ஒரு செய்தியும் ஒழுங்காப் போகேல்ல. அந்த இடத்திலதான் பட்டி கட்டின மாதிரி இறுக்குது."

அம்மா என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், கை இரண்டையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நான்தாங்க கட்டுனேன்."

டாக்டருக்குப் புரியவில்லை.

"படங்குங்க ஐயா. அன்னிக்கு அவ மூச்சு முட்டுதுன்னு சொன்னா. நான்தான் இழுத்துக் கட்டுனேன். முடிச்சு முதுகெலும்பு மேலதாங்க விழுந்திச்சு. நீங்க இப்ப தொட்டுக் காட்டுனீங்களே, அங்கதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் அவள் பேசாமல் நின்றது என்னை நினைத்து மட்டுமல்ல, தன் விரல்களை நினைத்தும்தான். மலையில் என் பக்கத்து நிரைக்காரி சிரித்துச் சொன்ன கதை லயம் முழுக்கப் பரவி, அம்மாவின் காதுக்கு வந்தபோது சிரிப்பு கழன்று, அவள் உசுரு போகக் கட்டினாள் என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. டாக்டர் எழுந்து நின்றார்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. கயிறு கட்டி வாற வருத்தமில்லை, நோயில்லை இது. தோலுக்கு மேல எவ்வளவு இறுக்கினாலும் அது உள்ளுக்க போகாது. காய்ச்சலுக்குப் பிறகு சில பேருக்கு இப்பிடி வாறது. கன பேருக்கு ஏன் வந்தது எண்டே சொல்லேலாது. நீங்கள் கட்ட முதலே அவவுக்கு இறுக்கம் வந்திட்டுது. அதாலதான் கட்டினது கூடவாத் தெரிஞ்சது."

"சரிங்க ஐயா" என்றாள் அம்மா. அவள் நம்பவில்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. தோட்டத்தில் பெரிய ஆட்கள் எது சொன்னாலும் சொல்கிற "சரிங்க ஐயா" அது.

நான் என் கேள்வியைக் கேட்டேன். "ஐயா, நான் திரும்ப மலைக்குப் போவேனா?"

அவர் பூசி மெழுகிப் பேசவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. "இந்த வருத்தம் வந்தவையில சில பேர் முந்தி மாதிரியே எழும்பி நடப்பினம். சில பேர் பாதிதான் எழும்புவினம், தடியோட, இறுக்கத்தோட, சிறுநீர்க் கரைச்சலோட. சில பேர் எழும்பவே மாட்டினம். நீங்கள் எந்த ஆள் எண்டு இண்டைக்கு என்னால சொல்லேலாது. வாறதெல்லாம் அனேகமா முதல் மாதங்களில வரத் தொடங்கும். பிறகும் வரும், ஆனா மெதுவா. பாப்பம்."

அந்த மூன்று கூட்டத்தையும் அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மகள் முழுசாக எழுந்து மலைக்கு வந்தால், டாக்டர் சொன்னது சரி, முடிச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வராவிட்டால், முடிச்சுதான்.

மருத்துவ சாத்திரத்தில் இதற்கு இடமில்லை என்று அவளிடம் யார் சொல்வது?

ஒரு மத்தியானம், பாதி தூக்கத்தில் எங்கள் மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது, "அசைஞ்சிச்சு!" என்று அம்மா கத்தினாள். கண்ணைத் திறந்தேன். போர்வை முனையில் இடது பெருவிரல். நான் அதையே முறைத்துப் பார்த்தேன். மாமியார் வீட்டு விருந்தாளி போல அது பிகு பண்ணிக்கொண்டு கிடந்தது. கடைசியில் மனம் இரங்கி ஒரு தடவை தலையாட்டியது. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா கை தட்டினாள். என் அம்மா பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

லயத்துக்குத் திரும்பியபோது நான் நிற்கப் பழகியிருந்தேன், பிடித்துக்கொண்டு. நர்ஸ் ஒருத்தி அரைகுறைத் தமிழில் சொல்லி அனுப்பியிருந்தாள், அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டாதே, வெந்தாலும் உனக்குத் தெரியாது என்று. குளிர்காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் அடுப்படியில் காலை நீட்டித்தான் குளிர் காய்வார்கள். நான் மட்டும் காலை மடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பேன். மகள் அதைப் பார்த்துத் தானும் தள்ளி வந்து உட்காருவாள்.

அவளும் அப்போதுதான் நடக்கப் பழகினாள். இஸ்தோப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து நான், அந்தப் பக்கத்திலிருந்து அவள். நடுவில் சந்திப்போம். அவள் விழுந்தால் நான் சிரிப்பேன், நான் விழுந்தால் அவள் சிரிப்பாள். அதில் ஒரு பாவ புண்ணியமும் கிடையாது. என் வீட்டுக்காரர் தீபாவளிக்கு வந்தபோது, நடுவாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்து, "யாரு ஜெயிக்கிறது?" என்று கேட்டார். பிறகு தண்ணீர் குடிக்கப் போவது போல உள்ளே போய் வெகு நேரம் வெளியே வரவில்லை. ஜெயித்தது மகள்தான். மழை முடிவதற்குள் அவள் சுவரை விட்டுவிட்டாள். நான் சுவரை விட்டுத் தடிக்கு வந்தேன்.

தேறுவது அங்கேயே நின்றுவிட்டது.

பதுளைக்குக் கிளினிக் போய் வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் பண்டாரவளையில் இறங்கி மாறுவதற்குள் எனக்கு மூத்திரம் முட்டிவிடும். இந்த நோய் காலைவிட அங்கேதான் அதிகம் படுத்தும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். வருகிறது என்று தெரிந்ததும் வந்துவிடும், அவகாசம் தராது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர், என் முகத்தைப் பார்த்த முதல் நாளே, ஒன்றும் கேட்காமல், "உள்ளுக்குப் போங்க தங்கச்சி, வீட்டு ஆளுங்க இருக்காங்க" என்று பின்பக்கத்தைக் காட்டினார். அதன் பிறகு எத்தனையோ வருஷம் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறந்திருந்தது. பெருநாளைக்கு வட்டிலப்பம் என்ற இனிப்பும் கிடைத்தது.

ஒரு கிளினிக்கில் டாக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் துள்ளி அவர் மேசையை உதைத்தது. அவர் சிரித்தார்.

"பலம் இருக்கு. ஆனா சொல்வழி கேக்காது."

"என்னை மாதிரின்னு எங்கம்மா சொல்லும், ஐயா."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வரவேண்டியதில பெரும் பங்கு வந்திட்டுது. இனி வாறது துளித்துளியாத்தான் வரும். வந்தது போகாது. இந்த வருத்தம் அனேகம் பேருக்கு ஒருக்காத்தான் வாறது, திரும்ப வராது எண்டு நினைச்சு நிம்மதியா இருங்கோ. ஆனா மலை ஏறி நாள் முழுக்க நிக்கிற வேலை..." அவர் முடியாது என்று தலையை மட்டும் அசைத்தார்.

"இடுப்புல இருக்கிறது?"

"அது இருக்கும். சில நாளைக்குக் கூடும், சில நாளைக்குக் குறையும். குளிருக்குக் கூடும்."

நான் பாதி ஆள். நடுக் கூட்டம். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்து நின்று நன்றாக அழுதேன். எழும்பவே முடியாதவர்கள் அந்தச் சுவருக்குள்ளேயே கிடந்தார்கள், அது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு எனக்குக் கிடைக்காத பாதிதான் பெரிதாகத் தெரிந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். சோற்றைப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த நாள் காலையில் இஸ்தோப்பில் பெண்கள் ரயில் மாதிரி நின்றபோது நான் கதவருகில் உட்கார்ந்து பார்த்தேன். அம்மா அந்த வரிசையில் இல்லை. சுவர் ஓரத்தில் தனியாக நின்று, தன் படங்கைத் தானே சுற்றி, முன்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதலே அவள் யாருக்கும் கட்டுவதில்லை என்று பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், இருப்பவள் சொன்னாள். நான் தேறினால் கட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்களாம்.

எத்தனையோ வழியில் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். கோபமாகவும் சொன்னேன். "முடிச்சுப் போட்டா நோவு வரும்னா, இந்த லயத்துல ஒருத்தி நடக்க முடியாதும்மா!" அதற்கு அவள், "நீ முழுசா வரலியே" என்பாள். அவ்வளவுதான். முன்முடிச்சு வாதில் மாட்டி அவள் படங்கு கிழியும். கங்காணி சத்தம் போடுவார். அவள் சாயங்காலம் உட்கார்ந்து தைப்பாள். காலையில் மறுபடி முன்னால் கட்டுவாள். என் காலைவிட எனக்கு இதுதான் பெரிய பாரமாக இருந்தது. நான் பாதியாக இருப்பது அவளுக்குத் தண்டனையாகிவிட்டது.

பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை கிடைத்தது. மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். ஓ.எல். வரை படித்தது அங்கே உதவியது. உட்கார்ந்தும் நின்றும் பார்க்கக் கூடிய வேலை. தவழும் பிள்ளைகளுக்கு என் தடி ஒரு விளையாட்டுச் சாமான். இரண்டாயிரமும் பிறந்து, என் மகள் சடை பின்னிப் பள்ளிக்கூடம் போய், என் வீட்டுக்காரர் கொழும்பை விட்டுத் தோட்டத்துக்கே திரும்பி வந்து, காலம் போய்க்கொண்டிருந்தது. குளிர் நாட்களில் கால் மரக்கட்டையாகும். தடுக்கி விழுந்தால் நானே எழுந்துகொள்வேன். வருஷத்துக்கு ஒரு துளி வீதம் ஏதோ வந்தும் கொண்டிருந்தது. ஒரு நாள் பீலித் தண்ணீர் இடது காலில் குளிர்ந்தது. கொஞ்சம்தான், எங்கேயோ தூரத்தில் குளிர்வது போல. நான் விரல் விறைக்கும் வரை அங்கேயே நின்றேன்.

கனவில் மட்டும் நான் முழு ஆள். இன்றைக்கும் அப்படித்தான். கூடை முதுகில் இருக்கும், மூட்டம் இருக்கும், தடி இருக்காது, படங்கும் இருக்காது. ஏறிக்கொண்டே இருப்பேன். விழித்ததும் முதலில் வந்து சேர்வது இடுப்பு இறுக்கம்தான். அது வந்ததும் விடிந்துவிட்டது என்று தெரியும்.

அம்மாவுக்குப் பேர் வெட்டும் நாள் வந்தது. வயதாகி வேலையிலிருந்து நிற்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அன்று அவளுடைய நிரை பிள்ளைக் காம்பராவுக்குக் கீழே, ரோட்டோரம், அதிகம் சரிவில்லாத இடத்தில் விழுந்திருந்தது. எனக்கு முதல் நாளே ஒரு ஆசை வந்துவிட்டது. கூட வேலை செய்பவளிடம் பிள்ளைகளை ஒப்படைத்தேன். கங்காணியிடம் கேட்டேன். "விழுந்து வெச்சா எம்பேரச் சொல்லாத தாயி" என்று சிரித்தார்.

காலையில் இஸ்தோப்பில் அம்மா தன் படங்கைச் சுற்றத் தொடங்கியபோது, நான் என்னுடைய பழைய படங்கை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றேன். அவள் அதைக் கழுவி மடித்து இத்தனை வருஷமும் பெட்டியில் வைத்திருந்தது எனக்குத் தெரியும்.

"கட்டு."

"எதுக்குடி?"

"ஒன்னோட நெரையில நானும் ரெண்டு கொழுந்து எடுக்கணும். கட்டு."

"நான் கட்ட மாட்டேன். வேற யாரையும் கட்டச் சொல்லு."

"வேற யாரு கட்டுனாலும் அவுந்துரும். எனக்குக் கால் சரியில்ல, வழியில அவுந்தா தடுக்கி விழுவேன். விழட்டுமா?"

அவள் என் கையிலிருந்து படங்கை வாங்கினாள். பெண்கள் எல்லோரும் கயிற்றைக் கையில் பிடித்தபடி பார்த்தார்கள். பின்னால் அவள் மூச்சு கேட்டது. துணி என் இடுப்பைச் சுற்றி வந்தது, கயிறு வந்தது. அவள் விரல்கள் என் முதுகில் பூனை நடப்பது போலத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கட்டி முடித்ததும் ஒரு அடி வைத்தேன். படங்கு நழுவிக் காலில் விழுந்தது.

"இதானா ஒன் முடிச்சு?"

யாரோ சிரித்தார்கள். அம்மா குனிந்து எடுத்தாள். மறுபடி சுற்றினாள். இந்தத் தடவை இழுத்தாள். அந்தப் பழைய இழுப்பு. நான் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. வெளியே கயிறு இறுகிய அந்த இடத்தில், உள்ளே இருந்த இறுக்கம் அடங்கிப் போனது. வருஷக்கணக்கில் இரவும் பகலும் என்னைச் சுற்றிக் கொண்டிருந்தது, உண்மையான கயிறு வந்ததும் அதற்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டது. நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். என் இடுப்பில் ஒரே ஒரு படங்குதான் இருந்தது. கையால் தொட்டேன். துணி இருந்தது.

"இறுக்கமா இருக்கா?" கயிற்றை விடாமல் அம்மா கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கும்மா."

"வேணாம்டி..."

"அம்மா, நீ கட்டுனதும் அந்தக் கட்டு தெரியல. நெசமா. இறுக்கு."

அவள் என்னைத் திருப்பி முகத்தைப் பார்த்தாள். அவளைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறேனா என்று தேடினாள். நான் அழுதுகொண்டிருந்தேன், ஆனால் பொய் சொல்லவில்லை. என் பொய்யெல்லாம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பிறகு என்னைத் திரும்ப நிற்க வைத்து, முதுகெலும்பின் மேல், யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு ஒன்றைப் போட்டாள். போட்டுவிட்டு அப்படியே என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

தடியை ஒரு வாதில் சாய்த்து வைத்துவிட்டு அவள் நிரையில் கொழுந்து எடுத்தேன். அதிக நேரமில்லை. கால் துள்ளத் தொடங்கியதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மூட்டம் இறங்கி வந்து எல்லோரையும் மூடியது. அம்மாவின் தலைத்துண்டு மட்டும் தெரிந்தது. கனவா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது, ஆனால் கனவில் எனக்குப் படங்கு இருந்ததே இல்லை.

சாயங்காலம் அவளே அவிழ்த்தாள். கயிறு தளர்ந்ததும் மற்றது மெல்லத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. என் முகத்தில் அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடி, வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. அவுத்தா வருது."

அவள் படங்கை உதறி மடித்தாள், பெட்டியில் வைக்காமல் கதவு ஆணியில் தொங்கவிட்டாள்.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. பெரட்டு இல்லை, மலை இல்லை. தூங்கட்டும் என்று நான் சத்தமில்லாமல் பிள்ளைக் காம்பராவுக்குக் கிளம்பினேன். வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், குளித்து, தலை சீவி, கையில் என் படங்கோடு.

"புள்ளக் காம்பராவுக்கு எதுக்கும்மா படங்கு? எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். திரும்பு."

நான் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பி நின்றேன்.